எண்ணும் எழுத்தும்: ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பறையில் ஐந்து நாள்கள்

என் மகளின் பையனுக்கு ஏழு வயது. நகரத்தில் ஓர் ஆங்கில வழித் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஆங்கிலப் பாட்டு இருபது சொல்வான். ஆனால் எங்கள் ஊருக்கு வரும் பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்கச் சொன்னால் முதல் எழுத்தோடு நின்றுவிடுவான். அவனை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு மாற்றலாமா என்று மகள் கேட்டபோது, முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் பணியாற்றிய எனக்கே உடனே பதில் சொல்ல வரவில்லை. நான் ஓய்வு பெற்றது 2021 மே மாதம். பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலம். அதற்குப் பிறகு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அது வகுப்பறைக்குள் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்ததில்லை. எனவே தலைமையாசிரியையிடம் அனுமதி பெற்று, திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு வாரம் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்; என்னை நம்பி உள்ளே விட்டவர்களுக்கு அதனால் தொல்லை வரக் கூடாது.

திட்டத்தைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் ஒன்றாம் வகுப்பையே கண்ணால் பார்க்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளியைச் சரிசெய்யவும், 2025ஆம் ஆண்டுக்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்ற இலக்கோடும் 2022 ஜூன் 13ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு இருந்தது, அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. இதன் உயிர்நாடி ஒன்றே: பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துக் கற்பிப்பது. அந்த நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய மூன்றுக்கும் ஆசிரியருக்குக் கையேடும் பிள்ளைகளுக்குப் பயிற்சி நூலும் பருவத்துக்குப் பருவம் இலவசமாக வருகின்றன.

நான் அமர்ந்திருந்த அறையில் மூன்று வகுப்புகளும் சேர்ந்து 31 பிள்ளைகள் இருந்தார்கள், ஓர் ஆசிரியை. மேல் இரண்டு வகுப்புகளைத் தலைமையாசிரியை பார்த்துக்கொள்கிறார். பள்ளி முழுவதும் 53 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். இதில் விதிமீறல் எதுவும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் பின்னால் நான் சொல்லும் குறைகள் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும்.

அறை சுத்தமாக இருந்தது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஓடும் கரும்பலகைப் பட்டை, பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே கற்ற எங்கள் காலத்துச் செயல்வழிக் கற்றல் முறையின் மிச்சம், இன்னும் புழக்கத்தில் இருந்ததைக் கண்டு எனக்கு மகிழ்ச்சி. ஒரு மூலையில் பாய் விரித்துக் கதைப் புத்தகங்களைக் கொடியில் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னொரு மூலையில் பழைய காலுறைகளில் பொத்தான் தைத்துச் செய்த கைப்பாவைகள் ஐந்து இருந்தன. சிங்கத்துக்கு ஒரு கண் இல்லை. அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று ஒரு பையன் எனக்கு விளக்கம் சொன்னான்.

திங்கட்கிழமைக் காலையில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு அரும்பு நிலையில் உட்கார வைத்தால் அந்தப் பிள்ளைக்கு முகம் சுருங்காதா? பெற்றோர் பலருக்கும் இருக்கும் அச்சம் இதுதான். இந்த வகுப்பில் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த நான்கு பேர் தமிழில் அரும்பு நிலையில் இருந்தார்கள். ஆசிரியை பாட்டோடு தொடங்கினார். பாட்டு எல்லோருக்கும் பொது. அடுத்து ஒரு கதையைச் சொல்லிப் பாதியில் நிறுத்தி, மேலே என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். அதுவும் எல்லோருக்கும் பொது. அதன் பிறகுதான் வட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதற்குள் அந்த நால்வரில் ஒருவன் கதைக்குள் ஒரு டிராக்டரை ஓட்டிக் கொண்டுவந்து வகுப்பையே சிரிக்க வைத்திருந்தான். எழுத்து தெரியாதவனுக்குக் கதை சொல்லத் தெரியும் என்பதை வகுப்பு முதலில் பார்த்துவிடுகிறது. பிறகு அவன் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்காருவது பெரிய செய்தியாக இல்லை. மேலும் அதே பையன் கணக்கில் மலர் நிலை. ஒரு பாடத்தில் கீழே இருப்பவன் இன்னொன்றில் மேலே இருக்கிறான் என்பதால், 'மக்கு' என்ற பட்டம் யார் தலையிலும் நிலையாக ஒட்டிக்கொள்ள வழியில்லை.

'காலையிலிருந்து ஆட்டமும் பாட்டமும்தான், எப்போது படிப்பார்கள்?' என்று எங்கள் தெருவில் சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் செவ்வாய்க்கிழமையைத்தான் சொல்வேன்.

தமிழ் கற்கத் தொடங்கும் பிள்ளை உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என்பவற்றைப் பாட்டாகவே ஒப்பித்துவிடும். சிக்கல் 216 உயிர்மெய்களில், அதிலும் கொம்பு வரும் எழுத்துகளில் இருக்கிறது. 'கொடி' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது 'க்'. எழுதும்போதோ முதலில் போட வேண்டியது ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். காது கேட்கும் வரிசைக்கும் கை எழுதும் வரிசைக்கும் பொருத்தம் இல்லை. ஒரு சிறுமி தன் பலகைப் பட்டையில் 'கெடி' என்று எழுதிவிட்டு அதையே 'கொடி' என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அருகில் இருந்த நான், பழைய வாத்தியார் புத்தி விடாமல், "துணைக்கால் போடு கண்ணு" என்றேன். அவளும் கீழ்ப்படிந்து போட்டாள், 'டி'க்குப் பக்கத்தில்.

ஆசிரியை என்னைப் போலத் திருத்தவில்லை. மூன்று அட்டைகளை எடுத்தார். ஒன்றில் கொம்பு, ஒன்றில் க, ஒன்றில் துணைக்கால். மூன்று பிள்ளைகளை அழைத்து ஆளுக்கொன்றைக் கொடுத்தார். க அட்டை தனியாக நின்றபோது வகுப்பு 'க' என்றது. துணைக்கால் வந்து வலக்கையைப் பிடித்ததும் 'கா' என்றது. துணைக்கால் விலகிக் கொம்பு வந்து இடக்கையைப் பிடித்ததும் 'கெ' என்றது. கடைசியாக இரண்டு பக்கமும் இருவரும் பிடித்துக்கொள்ள, மொட்டு நிலையிலிருந்து யாரோ ஒருவர் "கொ!" என்று கத்த, அறை முழுவதும் அதை வாங்கிக்கொண்டது. பிறகு க அட்டைக்குப் பதில் ப, ம, த அட்டைகள் நடுவில் வந்து நின்றன. கொம்பும் காலும் ஆள் மாறவில்லை. பதினைந்து நிமிடங்களுக்குப் பின் அந்தச் சிறுமி தன் பலகைக்குத் திரும்பி, நான் போட வைத்த காலை அழித்துவிட்டு, சரியான இடத்தில் போட்டாள். எந்தக் கால் எங்கே போகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஓர் எழுத்துக்கு இரண்டு பக்கமும் காவல் நிற்கும் என்பதை அவள் உடம்பால் நின்று தெரிந்துகொண்டுவிட்டாள். நான் இதை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி எழுதிச் சொல்லியிருக்கிறேன்.

புதன்கிழமை காலைச் சிற்றுண்டிப் பொங்கல் மணத்தோடு தொடங்கி, கணக்கில் முடிந்தது. 'நூற்று ஐந்து' என்பதை எழுதச் சொன்னபோது மொட்டு நிலையில் இருந்த பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் 1005 என்று எழுதினார்கள். நூறை 100 என்று எழுத வேண்டும், பக்கத்தில் 5 போட வேண்டும் என்பது அவர்கள் தருக்கம். அதில் முட்டாள்தனம் எதுவுமில்லை. இங்கே பயன்பட்டவை இரண்டு பொருள்கள். ஒன்று ஈர்க்குச்சி: பத்துக் குச்சி ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பெருங்கட்டு. மற்றொன்று இடமதிப்பு அட்டை: 100 என்று எழுதிய நீள அட்டையின் கடைசிச் சுழியத்தின் மேல் 5 என்ற சிறிய அட்டையை வைத்தால் 105 தெரியும், தூக்கிப் பார்த்தால் அடியில் சுழியம் அப்படியே இருக்கும். ஒரு பையன் அந்த 5ஐத் தூக்குவதும் வைப்பதுமாக ஏழெட்டு முறை பார்த்தான். சுழியம் ஓடிவிடவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் குறிப்பேட்டில் எழுதினான்.

தமிழ் எண்ணுப் பெயர்களில் ஒரு வழுக்கல் உண்டு. ஒன்பதில் 'பது' ஒலிக்கிறது, தொண்ணூறில் 'நூறு' ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கு மேல் இருக்கும் இடத்தின் பெயரைச் சூடிக்கொண்டு நிற்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பின் ஒரு சிறுமி 'தொண்ணூறு' என்று சரியாகச் சொல்லிவிட்டு 100 என்று எழுதினாள். ஆசிரியை அவளிடம் ஒன்பது குச்சிக் கட்டுகளைக் கொடுத்து எண்ணச் சொன்னார். பெருங்கட்டு ஆக இன்னும் ஒன்று குறைகிறது என்று அவளே சொன்னாள். நல்ல கற்பித்தல் என்பதற்கு எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை. இதே இரண்டாம் வகுப்பில் என் பேரனுக்கு மூன்றிலக்கக் கூட்டல் வீட்டுப்பாடமாக வருகிறது. அவன் விரலை மடக்கித் தவறாமல் போடுகிறான், 105இல் 1 என்ற இலக்கம் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் 'ஒன்று' என்கிறான்.

இவ்வளவும் சொன்ன பிறகு குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடக் கொம்பு விளையாட்டு நடந்தபோது மலர் நிலையில் இருந்த ஏழு பேரும் பயிற்சி நூலில் தாமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். நான்கு பேர் செய்துகொண்டிருந்தார்கள்; மூன்று பேர் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதிவிட்டு, மீதி நேரத்தில் அரும்புக்காரர்களின் விளையாட்டை ஏக்கத்தோடு வேடிக்கை பார்த்தார்கள். மூன்று நிலைகளுக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடக்க வேண்டும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. நடத்துகிறவருக்கு இருப்பதோ ஒரு வாய், இரண்டு கைகள். அரும்பைக் கவனித்தால் மலர் வாடுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளையை இந்தப் பள்ளியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது என்பது என் கருத்து. தடுமாறும் பிள்ளைக்கு இந்த வகுப்பு வரம். ஓடுகிற பிள்ளைக்கு இது சில நாள்களில் காத்திருப்பு அறை.

செயல்வழிக் கற்றலில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடை இருந்தது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அட்டைமுறையைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் வந்த அந்த முறையில், ஒவ்வொரு பிள்ளையும் கற்றல் ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, அந்த அட்டைக்கான குழுவில் போய் அமரும். ஆசிரியர் உதவி தேவைப்படாத பிள்ளை யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அட்டைகள் தொலைந்தன, கிழிந்தன. பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பதும் ஒன்றாகப் பாடுவதும் குறைந்து, அறை ஒரு சின்ன அலுவலகம் போல ஆகிவிட்ட நாள்களும் உண்டு. இப்போதைய முறை அந்தக் கூட்டு மகிழ்ச்சியை மீட்டுத் தந்திருக்கிறது, பிள்ளையின் தனி நடையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது. இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில், கற்றல் ஏணியை மட்டும் மலர் நிலைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

வியாழக்கிழமை ஆங்கிலம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது, பிள்ளைகள் சேர்ந்து பாடினார்கள், பொருள்களின் பெயர்களைச் சொன்னார்கள். மூன்று நாள்கள் தன் குரலில் வகுப்பை நடத்தியவர் அன்று மட்டும் கையேட்டைக் கையை விட்டு இறக்கவே இல்லை. ஆங்கிலம் பேச வேண்டும் என்பதற்காகவே பள்ளி தேடுகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். படிக்கவும் எழுதவும் தொடங்கினால் போதும் என்பவர்கள் ஏமாற மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதிப்பீடு. வாரத்தில் கற்றதைப் பிள்ளை எவ்வளவு பெற்றிருக்கிறது என்று பார்ப்பது நல்ல ஏற்பாடுதான். தேர்வு என்ற அச்சம் இல்லாமல், ஒவ்வொருவராக அழைத்துப் படிக்க வைத்துக் கேட்டார்கள். பிள்ளைகள் அதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கேட்டது கொஞ்ச நேரம், பதிவு செய்தது அதிக நேரம். ஒவ்வொரு பிள்ளையின் விடையையும் கைப்பேசியில் ஏற்ற வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் அலைவரிசை புளியமரத்தடியில் மட்டும்தான் சரியாகக் கிடைக்கும். ஆசிரியை 11.10க்கு மரத்தடிக்குப் போய் 12.35க்குத் திரும்பியதைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை கோரிக்கை வைத்ததையும் போராடியதையும் செய்தித்தாளில் படித்தபோது, சங்கங்கள் எதற்குத்தான் குறை சொல்லவில்லை என்று நானும் நினைத்தவள்தான். அந்த எண்பத்தைந்து நிமிடங்கள் 31 பிள்ளைகளோடு தனியாக இருந்த பிறகு அப்படி நினைக்கவில்லை. திங்களன்று கதைக்குள் டிராக்டர் ஓட்டிய பையன், அந்த நேரத்தில் கொடியிலிருந்து ஒரு புத்தகத்தை இறக்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆயா, இது கொம்புதானே?" என்று 'மே' என்ற எழுத்தைக் காட்டினான். இரட்டைக் கொம்பு என்றேன். "அப்ப ரெண்டு பேர் நிக்கணுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் மரத்தடியில் இருந்தார்.

செலவைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: கட்டணம் இல்லை, பாடநூல், குறிப்பேடு, சீருடை, காலணி, புத்தகப் பை எல்லாம் அரசு தருகிறது, காலைச் சிற்றுண்டியும் முட்டையோடு மதிய உணவும் உண்டு. சேர்ப்பதற்கு முன் ஒரு நாளாவது தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு வகுப்பைப் பாருங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பார்க்கும்போது சுவர் அலங்காரத்தைப் பார்க்காதீர்கள், பயிற்சி நூலைப் புரட்டுங்கள். எல்லாப் பக்கங்களும் ஒரே மாதிரி விடையோடு நிரம்பியிருந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது என்று பொருள். நான் புரட்டிய நூல்களில் அடித்தல் திருத்தல் நிறைய இருந்தது. சில பக்கங்கள் வெறுமையாகவும் இருந்தன. எனக்கு அதில் நம்பிக்கை பிறந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் தவறாமல் போங்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதை எழுத்தில் கேட்கும் இடம் அதுதான்.

மகளிடம் இவ்வளவையும் சொன்னேன். பேரன் தமிழில் அரும்பு, கணக்கில் மொட்டு, ஆங்கிலத்தில் ஒருவேளை மலர் என்பது என் கணிப்பு. அவனுக்கு இந்த வகுப்பு பொருந்தும். ஜூன் மாதம் சேர்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை வெள்ளிக்கிழமைகளில் பதினொரு மணிக்கு வந்து கதை மூலையில் உட்கார முடியுமா என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். மேலாண்மைக் குழுவில் சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டேன். முதல் வேலையாக அந்தச் சிங்கத்துக்கு ஒரு பொத்தான் தைத்து எடுத்துப் போக வேண்டும். அந்தப் பையன் சம்மதித்தால்.